சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை!

எங்கள் ஊரில் பொழுது விடிவதே வண்டிச் சத்தத்தோடுதான். நூல் ஓரிடம், பின்னுவது ஓரிடம், சாயம் ஏற்றுவது ஓரிடம், வெட்டுவது ஓரிடம், தைப்பது ஓரிடம், இஸ்திரி போட்டுக் கட்டுவது ஓரிடம் என்று ஒரு பனியன் உருவாவதற்குள் பல வாசல்களை ஏறி இறங்கிவிடுகிறது. திருப்பூரில் அந்த வாசல்களை இணைப்பவை வண்டிச் சக்கரங்களே. ஒரு வேன் நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானமும் நின்றுவிடும். இதை நாங்கள் மூவரும் ஒரு காலை நேரத்தில் நேரிலேயே கண்டோம்.

சென்ற அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் தேர்வு நாள். எங்களில் ஒருத்தியின் தந்தையார் சிறிய அளவில் தையல் கூலி வேலை எடுத்து நடத்துபவர். மூட்டைகளைக் கொண்டு செல்லும் அவருடைய பழைய பெட்ரோல் வேனில்தான் நாங்கள் பள்ளிக்கு வருவது வழக்கம். அன்று காலை எட்டு மணிக்கு வேனில் ஏறி அமர்ந்தோம். பின்னால் தைத்து முடித்த பனியன் மூட்டைகள். பத்து மணிக்குள் அவற்றை ஒப்படைத்தாக வேண்டும். அப்பா சாவியைத் திருப்பினார். இஞ்சின் நன்றாகவே சுற்றியது. ஆனால் கிளம்பவில்லை. மீண்டும் திருப்பினார், மீண்டும் அதே கதை. பத்து முறை, பதினைந்து முறை, இருபது முறை! கடைசியில் இஞ்சின் சுற்றுவதும் நின்று, 'டக்' என்ற ஓசை மட்டுமே மிஞ்சியது. எங்கள் ஊர்ப் பேருந்தோ பத்து நிமிடங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது.

அன்று தேர்வு அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது நாற்பது நிமிடம் கடந்திருந்தது. மூட்டைகள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றுக்கு மேல் ஆகிவிட்டது. கூலியில் பிடித்தமும் ஆயிற்று. இத்தனைக்கும் காரணமான கோளாறு எது என்று தெரிந்தபோது நாங்கள் வியந்துபோனோம். அது என்ன என்பதைப் பிறகு கூறுகிறோம். அதற்கு முன், 'செல்ஃப்' அடித்தும் கிளம்பாத வண்டியின் நோயை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதைச் சற்றே காண்போம்.

சுற்றுவதே ஒரு சாட்சி

சாவியைத் திருப்பியதும் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. நாமோ அவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முற்காலத்தில் காரின் முன்புறம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலங்கொண்ட மட்டும் சுற்றித்தான் இஞ்சினைக் கிளப்பினர். சில வேளைகளில் இஞ்சின் எதிர்த்து உதைக்கும். சுற்றியவரின் கை எலும்பு முறிவதும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரை அமைத்தார். 1912 ஆம் ஆண்டில் காடிலாக் கார்கள் அதனுடன் வெளிவந்தன. முரட்டு வலிமை தேவையில்லை என்றானதும், பெண்கள் கார் ஓட்டுவது எளிதாயிற்று.

நாம் 'செல்ஃப்' என்று அழைப்பது அந்த மோட்டாரைத்தான். பழைய கைப்பிடி செய்த வேலையை மட்டுமே அது செய்கிறது. அதாவது, இஞ்சினைச் சுற்றிவிடுகிறது. அதன்பின் இஞ்சின் தானாகவே எரிந்து ஓடுவது இரண்டாவது வேலை. சுற்றுவது மோட்டார், கிளம்புவது இஞ்சின்.

ஆகவே இஞ்சின் விறுவிறுப்பாகச் சுற்றுமானால் நமக்குச் சில நல்ல செய்திகள் கிடைத்துவிடுகின்றன. பாட்டரியில் வலு இருக்கிறது. செல்ஃப் மோட்டார் நலமாயிருக்கிறது. இஞ்சின் இறுகிப் போய்விடவில்லை. இவற்றைக் கழற்றிப் பார்த்துப் பொழுதை வீணாக்க வேண்டியதில்லை. மாறாக, சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டக் டக்' என்று மட்டும் கேட்கிறது, அல்லது இஞ்சின் முனகி முனகிச் சுற்றுகிறது என்றால் அது வேறு நோய். அங்கே முதலில் பாட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும்.

நான்கு தேவைகள்

பெட்ரோல் இஞ்சின் ஓர் உள்ளெரி இயந்திரம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அதற்கு வேண்டியவை நான்கு. ஒன்று, எரிபொருள். இரண்டு, காற்று. மூன்று, அவ்விரண்டின் கலவையைச் சிலிண்டருக்குள் அழுத்தும் அமுக்கம். நான்கு, உரிய நொடியில் ஒரு தீப்பொறி.

நம் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். எரிவாயு வர வேண்டும். காற்று கலக்க வேண்டும். லைட்டர் பொறி தர வேண்டும். சிலிண்டர் காலியாகிவிட்டால் லைட்டரை நூறு முறை தட்டினாலும் அடுப்பு எரியுமா? லைட்டர் கெட்டுவிட்டால் வாயு தாராளமாக வந்துதான் என்ன பயன்? காரும் அவ்வாறே. பெட்ரோல் ஒரு பங்கு என்றால், எடையளவில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று வேண்டும். அந்தக் கலவை சுமார் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகிறது. அப்போது பொறி விழுந்தால் பிஸ்டன் உதைத்துத் தள்ளப்படுகிறது.

நான்கில் எது குறைந்தாலும் இஞ்சின் சுற்றும், ஆனால் கிளம்பாது. எது குறைந்தது என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே போவதுதான் நோயறியும் முறை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பது முறையன்று. அது பணத்தைக் கரைக்கும் வழி.

கண்ணும் காதும் மூக்கும்

முதல் பரிசோதனைக்குக் கருவிகள் வேண்டியதில்லை.

கண்ணுக்கு முதல் வேலை. பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முள் காட்டுவதும் சில வண்டிகளில் பொய்யாகிவிடும். அடுத்து, சாவியைப் போட்டதும் எரியும் விளக்குகளைக் கவனிக்க வேண்டும். இக்காலக் கார்கள் பலவற்றில் திருட்டைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. சாவிக்குள் இருக்கும் சிறு மின்னணுத் துண்டை அது அடையாளம் காணாவிட்டால், சில கார்களில் இஞ்சின் சுற்றும். ஆனால் பெட்ரோல் விடப்படாது. சாவிப் படமோ பூட்டுப் படமோ உள்ள விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் வீட்டிலுள்ள மற்றொரு சாவியால் முயன்று பார்க்கலாம்.

இரண்டாவது வேலை காதுக்கு. இன்றைய பெட்ரோல் கார்களில் டாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்பு இருக்கிறது. செல்ஃப் அடிக்காமல், சாவியை அதற்கு முந்தைய நிலைக்கு மட்டும் திருப்பினால் பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று வினாடிகள் பின்புறத்திலிருந்து 'ம்ம்ம்' என்று மெல்லிய ரீங்காரம் கேட்கும். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அது அறிகுறி. ஓசையே இல்லையென்றால் பம்பு, அதன் ஃபியூஸ், ரிலே, அவற்றுக்குச் செல்லும் கம்பி ஆகியவற்றின்மேல் ஐயம் கொள்ளலாம்.

மூன்றாவது வேலை மூக்குக்கு. சில முறை சுற்றியபின் பெட்ரோல் வாடை பலமாக வீசுகிறதா? அப்படியானால் பெட்ரோல் வந்து எரியாமல் தங்குகிறது. பொறியைச் சந்தேகிக்க வேண்டும். வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வரவே இல்லை என்று எண்ண இடமுண்டு. மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் இதற்காகவே. பிளக் நனைந்திருந்தால் ஒரு வழி. உலர்ந்திருந்தால் மற்றொரு வழி. நோயறியும் பாதையில் நாற்சந்தி இதுதான்.

பொறி வராதபோது

பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் முனையில் பொறி பாய்வதற்கோ பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இதைச் செய்து தருவது, பாரடே 1831 இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் தத்துவப்படி இயங்கும் காயில். ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் பக்கத்துச் சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் பிறக்கிறது.

பழைய அம்பாசடர் கார்களில் அந்த மின்னோட்டத்தை விட்டுவிட்டு நிறுத்தும் வேலையைப் 'பிளாட்டினம் பாயிண்ட்' செய்தது. அது தேய்ந்தாலும் கருகினாலும் பொறி வராது. மழை நாளில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறிவிட்டாலும் இதே தொல்லைதான். உலர்ந்த துணியால் துடைத்தால் வண்டி கிளம்பிவிடும். 1957 இல் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014 இல் நின்றுபோயிற்று. இன்றைய கார்களில் இந்தப் பாயிண்ட் இல்லை. இஞ்சினின் முக்கியத் தண்டு எந்த நிலையில் சுழல்கிறது என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது பொறியையும் பெட்ரோலையும் விடுகிறது. அந்தச் சென்சார் ஊமையாகிவிட்டால் இரண்டுமே நின்றுவிடக்கூடும். செல்ஃப் அடிக்கும்போது இஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் சிறிதும் அசையாவிட்டால் இதைச் சந்தேகிக்கும் வழக்கம் உண்டு.

மெக்கானிக்குகள் இப்போது ஸ்கேனர் என்ற கருவியைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கிறார்கள். பனியன் கம்பெனியில் வட்டப் பின்னல் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூல் அறுந்ததும் மெஷின் தானாக நின்று, அறுந்த இடத்தில் ஒரு விளக்கு எரிகிறது. விளக்கு இடத்தைக் காட்டுமே தவிர, நூல் ஏன் அறுந்தது என்று சொல்லாது. முடிச்சா, இழுவை மிகுதியா, நூலே மட்டமா என்று பார்க்க வேண்டியவர் மெஷின் ஓட்டுபவர்தான். ஸ்கேனர் காட்டும் எண்ணும் அத்தகையதே.

பெட்ரோலும் காற்றும் அமுக்கமும்

பெட்ரோல் வராமைக்கு ஃபியூஸ், ரிலே, பம்பு, அடைபட்ட ஃபில்டர் என்று காரணங்கள் வரிசையாக உள்ளன. கார்புரேட்டர் இருந்த காலத்தில் நம் பக்கத்துச் சித்திரை வெயிலே ஒரு காரணமாக இருந்தது. இஞ்சின் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிட, பம்பால் அதை இழுக்க முடியாது. ஓட்டுநர்கள் நனைத்த துணியைப் பம்பின்மேல் போட்டுக் காத்திருப்பார்கள். ஆவியானது குளிர்ந்து திரவமாவதும் இயற்பியல்தானே! இன்று பெட்ரோல் அழுத்தத்தோடு வருவதால் இத்தொல்லை அரிதாகிவிட்டது.

பெட்ரோல் வராமலும் கெடும். அளவுக்கு மிஞ்சி வந்தாலும் கெடும். பிளக்குகள் நனைந்து 'பெட்ரோல் குடித்துவிட்ட' இஞ்சினைச் சற்று நேரம் ஓய்வாக விட்டு, பின்பு ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் காற்று மிகுதியாகப் புகுந்து பிளக்குகளை உலர்த்தும்.

காற்று ஃபில்டரை அடைக்கும் தூசிக்கும் பஞ்சுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. எனினும் ஃபில்டர் அடைபட்டால் வண்டி பெரும்பாலும் இழுவை குறைந்து ஓடுமேயன்றி, முற்றிலும் கிளம்பாமல் போவது அரிது. ஆகவே இதற்குப் பின்வரிசையில் இடம் கொடுக்கலாம்.

அமுக்கம் குறைந்ததைக் காதாலேயே உணரலாம். நல்ல இஞ்சின் சுற்றும்போது ஏற்றமும் இறக்கமுமாக ஒரு தாளம் கேட்கும். அந்தத் தாளம் போய், தறி ஓடுவதுபோல் ஒரே சீராக 'விர்' என்று வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது சாவியை உடனே விட்டுவிட வேண்டும். மேலும் சுற்றினால் சில இஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதிப் பெருஞ்செலவு வைத்துவிடும்.

டீசல் வண்டிகளுக்குப் பொறியே கிடையாது. காற்றை மிகுதியாக அமுக்கி அதன் வெப்பத்தாலேயே டீசலை எரிக்கிறார்கள். டீசல் தீரும்வரை ஓட்டிவிட்டால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துகொள்ளும். பிறகு டாங்கியை நிரப்பினாலும், பல வண்டிகளில் அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் இஞ்சின் கிளம்பும்.

ஒரு தாயின் கொண்டை ஊசி

இவையெல்லாம் ஆண்களுக்கு உரிய வேலை என்று நம்மில் சிலர் எண்ணலாம். அவர்கள் பெர்த்தா பென்ஸ் அம்மையாரை அறிந்துகொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம்முடைய மோட்டார் வண்டிக்கு 1886 இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நம்பி வாங்குவார் அதிகம் இல்லை. அவருடைய மனைவி பெர்த்தா, 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பிஃபோர்ஸ்ஹைமில் வாழ்ந்த தம் தாயாரைக் காணப் புறப்பட்டார். அக்காலத்தில் பெட்ரோல் நிலையங்கள் ஏது? வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்கப் பயன்பட்ட ஒருவகைப் பெட்ரோலிய திரவத்தை வாங்கி ஊற்றினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றிக் காப்பிட்டார்.

தோழியரே, கவனித்தீர்களா? ஒன்று எரிபொருள் கோளாறு. மற்றொன்று பொறிக் கோளாறு. உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலேயே, வண்டி கிளம்பாமைக்கு உரிய இரு பெருங்காரணங்களையும் ஒரு பெண் அறிந்து, கையிலிருந்த பொருளால் சரி செய்துவிட்டார்! நம் வீட்டில் அதற்குக் கொண்டை ஊசியும் ரிப்பனும் போதும் என்று எங்களில் ஒருத்தி கூறினாள்.

எங்கள் வேனுக்கு நேர்ந்தது

இனி எங்கள் கதைக்கு வருவோம். தொலைபேசியில் அழைத்ததும் பக்கத்து ஊர் மெக்கானிக் பெரியவர் வந்து சேர்ந்தார். வண்டியைத் தொடும் முன்பே கேள்விகளைத் தொடங்கினார்.

"ஏனுங்க, நேத்து நல்லா ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சுங்க. ராத்திரி எட்டு மணிக்குத்தான் கொண்டாந்து நிறுத்துனேன்."

"எத்தன தடவ செல்ஃப் அடிச்சீங்க?"

"ஒரு இருவது தடவ இருக்குமுங்க."

"அந்தப் பாட்டரி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தவர், தம்முடன் கொண்டுவந்திருந்த வேறொரு பாட்டரியைத் தடித்த கம்பிகளால் இணைத்தார். பிறகு எங்கள் தோழியை அழைத்து, "அம்மிணி, பின்சீட்டுப் பக்கம் காத வெச்சுக் கேளு. நான் சாவியைப் போடறேன்" என்றார்.

"ஒண்ணுமே கேக்கலீங்க மாமா."

பெரியவர் தலையசைத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பெட்ரோல் பம்பின் ஃபியூஸ் உருகியிருந்தது. நாங்கள் மகிழ்ந்து, "வேறு ஃபியூஸ் போட்டால் போதுமல்லவா?" என்றோம். அவர் போடவில்லை. "ஃபியூஸ் தானா சாகாதுங்க கண்ணு. அதக் கொன்னது யாருன்னு பாக்கோணும்" என்று பின்சீட்டைத் தூக்கினார். அங்கே பனியன் வேஸ்ட் துணியால் மெத்தென்று ஓர் எலிக்கூடு! பம்புக்குச் செல்லும் கம்பியின் உறையை எலி கடித்துவிட, செம்பு வண்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பிக்கு டேப் சுற்றி, அதே அளவுள்ள புதிய ஃபியூஸைச் செருகினார். ரீங்காரம் கேட்டது. முதல் சுற்றிலேயே வண்டி கிளம்பியது.

கோளாறைக் கண்டு சரி செய்ய ஆன நேரம் கால் மணிதான். மற்ற நேரமெல்லாம் அவருக்காகக் காத்திருந்ததிலும், நாமே தீர்த்துவிட்ட பாட்டரிக்கு மாற்று இணைப்பதிலும் போயிற்று. முதல் இரண்டு முறையோடு நிறுத்தி, காதைத் தீட்டிக் கேட்டிருந்தால், கோளாறு இன்ன பக்கம் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? அன்று கேள்வித்தாளில் தூண்டு சுருள் பற்றிய வினாவை நேரமின்றி விட்டுவிட்டு எழுந்த வருத்தம் இன்னும் எங்களுக்குத் தீரவில்லை.

செய்யத் தகாதவை

ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கலாகாது. இடையே அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். ஃபியூஸ் உருகிவிட்டால் வெள்ளிக் காகிதத்தையோ கம்பியையோ சுற்றிப் போடக்கூடாது. கம்பி சூடேறித் தீப்பற்றும். மூட்டை மூட்டையாகத் துணி ஏற்றும் வண்டியில் அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? நன்றாகச் சுற்றியும் கிளம்பாத வண்டியைத் தெருவே கூடித் தள்ளுவதால் பெரும்பாலும் பயனில்லை. தள்ளுவதும் சுற்றிவிடும் வேலைதானே? எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சேர்ந்து, அங்குள்ள நச்சுப்புகை குறைக்கும் கருவியையும் கெடுக்கும். பெட்ரோல் குழாயையும் உயர் மின்னழுத்தக் கம்பியையும் பயிற்சி இல்லாத நாம் தொடலாகாது. கதவடைத்த ஷெட்டில் இஞ்சினை ஓட்டலாகாது. பானெட்டைத் திறந்து குனியும்போது துப்பட்டாவையும் இரட்டைச் சடையையும் பின்னுக்குக் கட்டிக்கொள்ளுங்கள். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கண் இல்லை.

கேட்கப் பழகுவோம்

நமக்கு அண்மையிலுள்ள கலங்கலில் 1893 இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், ஓர் ஆங்கிலேயரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர்வலம் வரவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்த்து, மீண்டும் பூட்டினார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார். 'இது என்ன செய்கிறது?' என்ற கேள்விதான் அவருக்கு மூலதனம்.

நாம் அனைவரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பழுதுற்ற பொருளின் முன் பதற்றத்தோடு அதே சாவியைத் திருப்பிக்கொண்டே இராமல், எது நன்றாக இருக்கிறது, எது குறைகிறது என்று வரிசையாகக் கேட்கலாம் அல்லவா? இப்போது எங்கள் தோழி காலையில் வேனில் ஏறியதும், அப்பா செல்ஃப் அடிக்கும் முன், "கொஞ்சம் இருங்கப்பா" என்று கை காட்டிக் காது கொடுக்கிறாள். ரீங்காரம் கேட்டபின்தான் அவர் சாவியை முழுவதும் திருப்புகிறார். வாரம் ஒருமுறை பின்சீட்டைத் தூக்கிக் கூட்டுவதும் அவள் பொறுப்பே. அதன் பிறகு இன்றுவரை நாங்கள் தேர்வுக்குத் தாமதமாகவில்லை!